காசு வாங்கிக்கொண்டு நிலக்கரி மின் திட்டத்தைப் புகழும் பதிவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் ஊரில் அனல்மின் நிலையம் வரப்போகிறது. ஊர்மக்கள் எதிர்க்கிறார்கள், வழக்கும் நடக்கிறது. அந்தச் சமயத்தில், அதுவரை பயணத்தையும் சமையலையும் புதுக் கைப்பேசிகளையும் பற்றி எழுதிக்கொண்டிருந்த பதிவர்கள் சிலர் ஒரே வாரத்தில் நிலக்கரி மின்சாரத்தின் பெருமையை எழுதத் தொடங்குகிறார்கள். எழுதியதற்குக் காசு வாங்கினார்களா என்று பதிவில் ஒரு வரியும் இல்லை. இப்படிப்பட்ட பதிவுகளைப் படித்துக் குழம்பியவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன்.

சோப்புக்கும் செல்போனுக்கும் பதிவர்கள் காசு வாங்குகிறார்கள். அனல்மின் நிலையத்துக்கு வாங்கினால் மட்டும் என்ன தவறு?

காசு வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. எழுத்து உழைப்புதான், அதற்குக் கூலி வேண்டும். ஆனால் சோப்பும் மின் நிலையமும் ஒன்றல்ல.

சோப்பு பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் வேறு வாங்கிக்கொள்ளலாம். அனல்மின் நிலையம் கட்டிவிட்டால் முப்பது, நாற்பது வருடம் அங்கேயே நிற்கும். சோப்பு விளம்பரத்தைப் படிப்பவரே சோப்பை வாங்குகிறார், நட்டமானால் அவருக்குத்தான் நட்டம். மின் நிலையத்தைப் புகழும் பதிவைப் படிப்பவர் எங்கோ ஒரு நகரத்தில் இருக்கிறார். புகையும் சாம்பலும் போய்ச் சேர்வது அந்தப் பதிவைப் படிக்காத மீனவர் வீட்டுக்கும் விவசாயி வயலுக்கும்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பதிவுகள் வாசகரிடம் எதையும் விற்க வரவில்லை. 'பொதுமக்கள் இதை ஆதரிக்கிறார்கள், எதிர்ப்பது ஒரு சின்னக் கூட்டம்தான்' என்ற தோற்றத்தை உண்டாக்கத்தான் எழுதப்படுகின்றன. அந்தத் தோற்றத்தைக் காட்ட வேண்டிய இடங்கள் அனுமதி தரும் அதிகாரிகள், கடன் தரும் வங்கிகள், தீர்மானம் போடும் மன்றங்கள். நான் குறை சொல்வது இதைத்தான். கூலிக்கு எழுதிய சொல், மக்கள் கருத்து என்று கணக்கில் ஏறிவிடுகிறது.

இது எப்படி ஏற்பாடு செய்யப்படுகிறது?

மின் நிறுவனம் பெரும்பாலும் நேரடியாக வராது. அது ஒரு பி.ஆர். (மக்கள் தொடர்பு) நிறுவனத்தை அமர்த்தும். அந்த பி.ஆர். நிறுவனம், பதிவர்களைத் திரட்டித் தரும் ஏஜென்சியைப் பிடிக்கும். ஏஜென்சி பதிவரிடம் பேசும். இத்தனை படிகள் இருப்பதால், பின்னால் சிக்கல் வந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டிவிடலாம்.

பதிவருக்கு வருவது ஒரு குறிப்பு: சொல்ல வேண்டிய ஐந்தாறு கருத்துகள், சேர்க்க வேண்டிய ஹேஷ்டேக், பதிவிட வேண்டிய நேரம், தவிர்க்க வேண்டிய சொற்கள்.

எனக்கும் ஒருமுறை அப்படி ஒரு மின்னஞ்சல் வந்தது. மூன்று நாள் பயணம், தங்குமிடம், ஒரு பதிவுக்கு இவ்வளவு என்று தொகை. குறிப்பில் 'மாசு', 'புகை' என்ற சொற்களுக்குப் பதிலாக 'உமிழ்வுக் கட்டுப்பாடு' என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். 'உங்கள் சொந்த அனுபவமாக, இயல்பாக இருக்கட்டும்' என்று ஒரு வரி. ஸ்பான்சர் யார் என்று குறிப்பிடலாமா என்று கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. அந்தத் தொகை அப்போது எனக்குத் தேவையாகத்தான் இருந்தது. அதனால் ஒப்புக்கொண்டவர்களை நான் கேவலமாக நினைப்பதில்லை. ஆனால் அந்த 'இயல்பாக இருக்கட்டும்' என்ற வரி மட்டும் இன்றுவரை மனதை உறுத்துகிறது.

நிலக்கரி நிறுவனங்கள் ஆதரவை விலைக்கு வாங்கியதற்கு உறுதியான சான்று உண்டா? எல்லாம் சந்தேகம்தானே?

உண்டு. பதிவர்களை வைத்து நடந்ததை நிரூபிப்பது கடினம், ஏனென்றால் ஒப்பந்தங்கள் வெளியே வருவதில்லை. ஆனால் இதே வித்தை வேறு உருவங்களில் பிடிபட்டிருக்கிறது.

2009-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் காலநிலை மசோதா ஒன்று வாக்கெடுப்புக்கு வந்தது. வர்ஜீனியாவின் டாம் பெரியெல்லோ உள்ளிட்ட உறுப்பினர்களுக்கு, மசோதாவை எதிர்க்கச் சொல்லி உள்ளூர் அமைப்புகளின் பெயரில் கடிதங்கள் வந்தன. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் தொண்டு அமைப்பு ஒன்றின் பெயரிலும், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி.யின் உள்ளூர்க் கிளையின் பெயரிலும் கடிதங்கள் இருந்தன. அந்த அமைப்புகள் எதையும் எழுதவே இல்லை. பத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் போலி. அனுப்பியது பானர் அண்ட் அசோசியேட்ஸ் என்ற நிறுவனம். அதை அமர்த்தியது ஹாதார்ன் குரூப் என்ற பி.ஆர். நிறுவனம். அதற்கும் மேலே இருந்தது நிலக்கரி மின்சாரத்துக்காகப் பேசும் தொழில் கூட்டமைப்பு. ஒரு தற்காலிக ஊழியர் செய்த வேலை என்று பானர் நிறுவனம் விளக்கம் சொன்னது. நான் மேலே சொன்ன படிகளை இதில் எண்ணிப் பாருங்கள்.

ஒன்பது வருடம் கழித்து, 2018-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் இன்னொன்று வெளிவந்தது. என்டர்ஜி என்ற மின் நிறுவனம் அங்கே எரிவாயு மின் நிலையம் கட்ட விரும்பியது. அது நிலக்கரி நிலையம் அல்ல, ஆனால் முறை ஒன்றுதான். நகர மன்றக் கூட்டங்களுக்கு ஒரே நிறச் சட்டை போட்டு வந்து ஆதரவாகக் கை தட்டியவர்களில் பலர் கூலிக்கு வந்த நடிகர்கள். உட்கார்ந்திருக்க 60 டாலர், எழுந்து பேசினால் 200 டாலர் வரை. ஏற்பாடு செய்தது கிரவுட்ஸ் ஆன் டிமாண்ட் என்ற நிறுவனம், அதை அமர்த்தியது அதே ஹாதார்ன் குரூப். நகர மன்றம் என்டர்ஜிக்கு 50 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஆனால் நிலையத்துக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்யவில்லை. நிலையம் கட்டி முடிக்கப்பட்டு இயங்குகிறது. எனக்கு இதுதான் அதிகம் வலிக்கும் பகுதி. பொய் வெளிப்பட்ட பிறகும் அது செய்த காரியம் அப்படியே நின்றுவிட்டது.

'நானே நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்' என்கிறார்களே?

நேரில் போயிருப்பார்கள், பொய் இல்லை. ஆனால் எதைப் பார்த்தார்கள்? வழக்கமாக, அதே நிறுவனமோ கூட்டாளியோ வேறெங்கோ நடத்தும் புது நிலையம் ஒன்றைக் காட்டுவார்கள். பசுமையான புல்வெளி, கட்டுப்பாட்டு அறைத் திரைகள், கரும்புகை இல்லாத புகைபோக்கி.

புகைபோக்கியில் கரும்புகை தெரியவில்லை என்பதற்கு ஒரே பொருள்தான்: பெரிய தூசியைப் பிடிக்கும் மின்னியல் வடிகட்டி ஒழுங்காக வேலை செய்கிறது. சல்பர் டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது. பாதரச ஆவி தெரியாது. நுரையீரலின் ஆழம்வரை போகும் 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களைத் தனித்தனியாகக் கண்ணால் பார்க்க முடியாது. கரியமில வாயுவும் அப்படித்தான். ஆக, 'கண்ணால் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது' என்பது இந்த விஷயத்தில் சாட்சியமே அல்ல.

நேரில் போகிறவர் கேட்க வேண்டியது சாம்பல் குளத்தை. எரித்த நிலக்கரியில் தரத்தைப் பொறுத்து பத்து சதவீதத்திலிருந்து நாற்பது சதவீதம்வரை சாம்பலாக மிஞ்சும். ஈரச் சாம்பலைக் கரைகட்டித் தேக்கி வைப்பார்கள். அமெரிக்காவின் டென்னசியில் கிங்ஸ்டன் அனல்மின் நிலையத்தில் 2008 டிசம்பர் 22 அதிகாலை அப்படிப்பட்ட ஒரு கரை உடைந்தது. சுமார் 40 லட்சம் கன மீட்டர் சாம்பல் சேறு 300 ஏக்கரை மூடி, வீடுகளையும் ஆற்றையும் நாசம் செய்தது. துப்புரவுப் பணி செய்த தொழிலாளர்கள் பலர் பின்னர் நோயுற்று வழக்குத் தொடுத்தார்கள். விருந்தாளிப் பயணத் திட்டத்தில் சாம்பல் குளம் இருந்ததாக இதுவரை நான் ஒரு பதிவிலும் படித்ததில்லை.

'தூய நிலக்கரி', 'அதிநவீனத் தொழில்நுட்பம்' என்கிறார்களே, அது பொய்யா?

முழுப் பொய் இல்லை. பாதி உண்மை என்பதால்தான் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய வகை நிலையம் நிலக்கரியின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கை, அல்லது சற்றுக் கூடுதலாக, மின்சாரமாக மாற்றும். அதிக அழுத்தத்திலும் வெப்பத்திலும் இயங்கும் புது வகை 45 சதவீதம்வரை போகும். இது நல்ல முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய வகையில் ஒரு யூனிட்டுக்கு 900 கிராமுக்கு மேல் கரியமில வாயு என்றால், மிகச் சிறந்த புதியதில் 750 முதல் 800 கிராம். 1000 மெகாவாட் நிலையம் வருடத்தில் 80 சதவீத அளவில் ஓடினால் சுமார் 700 கோடி யூனிட். புது வகையாக இருந்தாலும் வருடத்துக்குச் சுமார் 55 லட்சம் டன் கரியமில வாயு வெளியேறும். இதற்குத் 'தூய' என்ற அடைமொழி எப்படிப் பொருந்தும்?

சல்பரைப் பிடிக்கும் கருவி 90 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். ஆனால் அது ஓட வேண்டும். அதை ஓட்ட மின்சாரமும் தண்ணீரும் சுண்ணாம்புக்கல்லும் செலவாகும். அதனால் கேட்க வேண்டிய கேள்விகள்: இந்தத் திட்டத்தில் அந்தக் கருவி முதல் நாளிலிருந்தே இருக்குமா, 'பிற்பாடு பொருத்தலாம்' என்று இடம் மட்டும் விட்டிருக்கிறார்களா? அது ஓடுகிறதா என்பதை யார் அளப்பார்கள்? அந்த அளவீடு பொதுமக்களுக்குத் தெரியுமா?

கரியமில வாயுவைப் பிடித்து மண்ணுக்கடியில் அனுப்பும் முறையையும் இழுத்துவிடுவார்கள். கனடாவின் சஸ்காட்செவனில் பவுண்டரி டாம் நிலையத்தின் மூன்றாவது அலகில் 2014-இல் தொடங்கினார்கள், சுமார் 110 மெகாவாட் அளவுள்ள அலகு அது. இதே முறையோடு திட்டமிட்ட, அமெரிக்காவின் மிசிசிப்பியில் உள்ள கெம்பர் நிலையத்தின் செலவு முதல் மதிப்பீட்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேலாகி 700 கோடி டாலரைத் தாண்டியது. கடைசியில் 2017-இல் நிலக்கரித் திட்டத்தைக் கைவிட்டு எரிவாயுவில் ஓட்டினார்கள். சாதாரண நிலையம் ஒன்றைப் புகழும் பதிவில் இந்தத் தொழில்நுட்பத்தின் பெயர் வந்தால், திட்ட அறிக்கையில் அது உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

விளம்பரத்தில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியதற்கு எதிராகத் தீர்ப்பே வந்திருக்கிறது. பீபாடி என்ற பெரிய நிலக்கரி நிறுவனத்தின் விளம்பரத்தில் 'தூய நிலக்கரி' என்ற சொல் வாசகரைத் தவறாக வழிநடத்துகிறது என்று பிரிட்டனின் விளம்பரத் தர நிர்ணய ஆணையம் 2014-இல் முடிவு சொன்னது. புகார் கொடுத்தது டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு. விளம்பரம் என்று வெளிப்படையாகத் தெரிந்ததால்தான் அதன்மேல் புகார் கொடுக்க முடிந்தது. அதே சொல் ஒரு பதிவரின் 'சொந்த அனுபவமாக' வந்திருந்தால் யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

ஆயிரக்கணக்கான வேலை கிடைக்கும் என்கிறார்கள். அது உண்மையா?

கட்டுமான காலத்தில் கிடைக்கும். மூன்று நான்கு வருடம் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்வார்கள், அவர்களில் பலர் வெளியூர் ஒப்பந்தக்காரர்களோடு வருபவர்கள். நிலையம் ஓடத் தொடங்கியதும் நிரந்தர வேலை சில நூறாகச் சுருங்கும், அதிலும் பெரும்பகுதி பயிற்சி பெற்றவர்களுக்கு. பதிவில் இரண்டு எண்களும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம், கடலோர இடமானால் எத்தனை பேரின் மீன்பிடிப்பு நிற்கும் என்ற மூன்றாவது எண்ணையும் தேடுங்கள்.

அரசே அனுமதி கொடுத்துவிட்டது. பிறகு எதற்குப் பேச்சு?

அனுமதி கொடுத்ததாலேயே விஷயம் முடிந்துவிடுவதில்லை. கென்யாவின் லாமு இதற்குச் சரியான உதாரணம்.

லாமு இந்தியப் பெருங்கடல் ஓரத்தில் இருக்கும் தீவுக்கூட்டம். அதன் பழைய நகரம் 2001 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். அதன் அருகே 1050 மெகாவாட் நிலக்கரி நிலையம், சுமார் 200 கோடி டாலர் செலவில், ஆமு பவர் என்ற நிறுவனம் கட்டுவதாக ஏற்பாடு. நாட்டின் முதல் நிலக்கரி மின் நிலையமாக இருந்திருக்கும். அந்த நேரத்தில் கென்யாவின் உச்ச மின்தேவையே 2000 மெகாவாட்டுக்கும் குறைவு. சுற்றுச்சூழல் ஆணையம் 2016-இல் உரிமம் கொடுத்தது.

சேவ் லாமு என்ற உள்ளூர் அமைப்பும் மக்களும் தேசியச் சுற்றுச்சூழல் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2019 ஜூன் 26 அன்று தீர்ப்பாயம் அந்த உரிமத்தை ரத்து செய்தது. பொதுமக்கள் பங்கேற்பு முறையாக நடக்கவில்லை என்பது முக்கியக் காரணம். நாட்டின் காலநிலைச் சட்டத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதும் சேர்ந்தது. அடுத்த வருடம் சீனாவின் ஐ.சி.பி.சி. வங்கி கடன் தருவதிலிருந்து விலகியது.

ஒரு திட்டத்தின் உரிமமே போய்விட்டது, முக்கியமாக 'மக்களிடம் ஒழுங்காகக் கேட்கவில்லை' என்ற வாதத்தின் பலத்தில். மக்கள் கருத்து அவ்வளவு கனமானது. போலியாகவாவது அதைத் தயாரிக்க ஏன் பணம் செலவழிக்கிறார்கள் என்பது இப்போது புரியும்.

மின்சாரம் வேண்டாமா? எதிர்ப்பவர்கள் வளர்ச்சிக்கு எதிரிகள்தானே?

மின்சாரம் வேண்டும். விளக்கில்லாத வீட்டில் படித்த பிள்ளைக்கு அதன் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம். அதனால்தான் கேள்வி 'மின்சாரம் வேண்டுமா' என்பதல்ல. 'இந்த இடத்தில், இந்த எரிபொருளில், இந்த விலையில் வேண்டுமா' என்பது. விலைக்கு மின் கொள்முதல் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். பல ஒப்பந்தங்களில், மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலைக் கட்டணம் கட்ட வேண்டும் என்று 25 வருடத்துக்கு எழுதியிருப்பார்கள். தேவைக்கு மேல் நிலையம் கட்டினால் சும்மா நிற்கும் இயந்திரத்துக்கும் மக்கள் பணம் கட்டுவார்கள். புகழும் பதிவுகளில் இந்தப் பகுதி வருவதே இல்லை.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா?

இருக்கிறது, ஆனால் ஓட்டை பெரிது. அமெரிக்காவின் எஃப்.டி.சி. என்ற வர்த்தக ஆணையம் 2009-லேயே தன் வழிகாட்டுதல்களைத் திருத்தி, பதிவர்கள் விளம்பரதாரரிடம் பெற்ற பணத்தையும் இலவசங்களையும் சொல்ல வேண்டும் என்றது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல்கள் உண்டு. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய்வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம்வரை அபராதம் விதிக்கலாம்.

ஆனால் இவை நுகர்வோரை மனதில் வைத்து, பொருளையும் சேவையையும் பற்றி எழுதப்பட்டவை. அனல்மின் திட்டத்தை வாசகர் வாங்கப் போவதில்லை. 'நான் எந்தப் பொருளையும் விற்கவில்லை, வளர்ச்சி பற்றிய என் கருத்தைச் சொன்னேன்' என்று நழுவிவிட இடம் இருக்கிறது. பிரான்ஸ் 2023 ஜூனில் கொண்டுவந்த சட்டம் இதைக் கவனித்திருக்கிறது. பொருள், சேவை என்பதோடு 'ஏதேனும் ஒரு நோக்கத்தை' முன்னிறுத்திப் பணம் பெறுவதையும் அதன் வரையறையில் சேர்த்திருக்கிறார்கள். மற்ற நாடுகளும் அந்த ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை.

எதிர்க்கும் அமைப்புகளும் வெளிநாட்டு நிதி வாங்குகின்றனவே?

சில வாங்குகின்றன. அவர்களும் சொல்ல வேண்டும். ஒரே விதிதான்.

ஒரு பதிவு காசுக்கு எழுதப்பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முழு உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. சில அடையாளங்கள் உண்டு. பத்துப் பேர் ஒரே நாளில், ஒரே வரிசையில், ஒரே எண்களோடு எழுதியிருப்பார்கள். புகைப்படங்கள் ஒரே கோணத்தில் இருக்கும். எதிர்ப்பவர் ஒருவரின் பேச்சுகூட இருக்காது. அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பதிவர் மின்சாரம் பற்றி ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டார்.

ஆனால் அடையாளம் வேறு, ஆதாரம் வேறு. நிலக்கரியை மனதார ஆதரிப்பவர்களும் இருக்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே 'கூலிக்கு எழுதுகிறாய்' என்று திட்டினால் உண்மையாக நம்புகிறவரை அவமதிப்பீர்கள். 'இந்தப் பயணச் செலவை யார் ஏற்றார்கள்?' என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்வாரா, கேள்வியை நீக்குவாரா என்பதிலேயே நிறையத் தெரிந்துவிடும். அதைவிட நல்ல வேலை, திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைத் தேடி எடுத்து, பதிவில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் அதோடு ஒப்பிடுவது.

எனக்கும் இப்படி ஓர் அழைப்பு வந்திருக்கிறது. போகலாமா?

போகலாம், மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொண்டு. ஸ்பான்சர் பெயரைப் பதிவின் முதல் வரியிலேயே சொல்வீர்கள். வெளியிடும் முன் அவர்கள் பார்த்துத் திருத்த மாட்டார்கள். திட்ட இடத்துக்குப் பக்கத்து ஊரில் ஒரு நாள் உங்கள் செலவில் தங்கி, யாரும் கூட வராமல் மக்களிடம் பேசுவீர்கள். இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால், அவர்களுக்கு வேண்டியது உங்கள் எழுத்து அல்ல, உங்கள்மேல் வாசகர் வைத்திருக்கும் நம்பிக்கை.

நான் ஏற்கெனவே காசு வாங்கி எழுதிவிட்டேன். இப்போது மனம் கேட்கவில்லை. பதிவை நீக்கிவிடவா?

நீக்க வேண்டாம். நீக்கினால் அதைப் படித்து நம்பியவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும். பதிவின் உச்சியில் தேதி போட்டு மூன்று நான்கு வரி சேருங்கள்: யார் அழைத்தார்கள், யார் மூலமாக, பணமோ பயணமோ எது கிடைத்தது, குறிப்பு கொடுத்து எழுதச் சொன்னார்களா. ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் விதி இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். அப்புறம் முடிந்தால் அந்த ஊரிலிருந்து ஒருவரை எழுதச் சொல்லி, அவர் எழுதியதை ஒரு சொல்லும் மாற்றாமல் அதே பக்கத்தில், அதே வாசகர்களுக்கு முன்னால் வெளியிடுங்கள்.